உஷார்! ‘4கே சப்போர்ட்’ மானிட்டர் விற்கிறார்கள்

கூடையில் போட்டாச்சா? பணம் கட்டுகிற பட்டன் மேல் விரல் நிற்கிறதா? விரலை எடுங்கள். அந்த மானிட்டர் விளம்பரத்தை மேலிருந்து இன்னொரு தரம் படியுங்கள். ‘4கே சப்போர்ட்’ என்று எங்காவது போட்டிருக்கிறதா?

போட்டிருந்தால், அநேகமாக அது 4கே மானிட்டர் இல்லை.

என் தங்கை மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். லேப்டாப்பின் சின்னத் திரையில் குனிந்து குனிந்து புரோகிராம் எழுதிக் கழுத்துவலி கண்டவன். போன நவராத்திரித் தள்ளுபடியில், “மாமா, இந்த விலைக்கு 4கே! விட்டா போயிடும்” என்று என்னிடம் சொல்லும்போதே ஆர்டர் போட்டுவிட்டிருந்தான். பெட்டி வந்து நாலு நாள் கழித்து மறுபடி போன். “எழுத்தெல்லாம் பிசிறடிக்குது மாமா, கேபிள் கோளாறோ?”

கேபிள் நன்றாகத்தான் இருந்தது. விளம்பரத்தின் அடியில், தட்டினால் மட்டும் விரிகிற பட்டியலில், பதினைந்தாவது வரியோ என்னவோ: நேட்டிவ் ரெசல்யூஷன் 1366 × 768. அதாவது ஏறக்குறைய பத்தரை லட்சம் புள்ளிகள். உண்மையான 4கே திரையில் 3840 × 2160, சுமார் 83 லட்சம். ‘சப்போர்ட்’ என்றால், 4கே படத்தை அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாது. வாங்கி, தன்னிடம் இருக்கிற புள்ளிகளுக்குள் அமுக்கிக் காட்டும். எட்டுப் படி அரிசியை ஒரு படிக்குள் திணித்தால் மிச்சம் எங்கே போகும்? எழுத்தின் ஓரங்கள்தான் போயின. விற்றவரைக் கேட்டால், “சப்போர்ட்னுதானே சார் போட்டிருக்கோம்” என்றார். வெட்கமே இல்லை.

ஆகவே முதலில் தேடவேண்டியது ‘நேட்டிவ்’ என்ற ஒரு வார்த்தை. அது இல்லாத விளம்பரத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நல்ல கம்பெனிப் பெட்டி என்றாலும் அசந்துவிடாதீர்கள். 27 அங்குலம், ஃபுல் எச்டி, ஆச்சரியமான விலை என்று ஒரு ரகம் எங்கும் குவிந்து கிடக்கிறது. 24 அங்குலத்தில் இருக்கிற அதே 20,73,600 புள்ளிகளை இழுத்துப் பரப்பியதுதான் அது. 24-இல் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளி. 27-இல் 82-க்குக் கீழே. தள்ளி உட்கார்ந்து படம் பார்ப்பவருக்குக் கவலையில்லை. நாள் முழுக்க எக்செல், வேர்ட் என்று எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர் இரண்டே நாளில் நொந்துபோவார். 27 வேண்டுமென்றால் 2560 × 1440 பாருங்கள். கைக்கு எட்டாவிட்டால் 24 அங்குல ஃபுல் எச்டி ஐபிஎஸ் போதும். வீட்டு மேஜைக்கு அதுவே தாராளம் என்பது என் கட்சி.

எச்டிஆர் என்று பெட்டியில் மின்னுகிறதா? அதுவும் பெரும்பாலும் சப்போர்ட்டின் தம்பிதான். வெளிச்சம் எத்தனை நிட் என்று பாருங்கள். வெசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் சான்றிதழின் அடிமட்டப் படிக்கே 400 நிட் வேண்டும். 250 நிட் திரை எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும். காட்டுவதற்கு அதனிடம் சரக்கு இல்லை. ‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற எழுத்தையும் அப்படியே விழுங்காதீர்கள். பழைய 2.0 என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள், 2.1-இன் புது வசதிகள் எதுவும் கட்டாயமில்லை என்பது 2021 கடைசியில்தான் வெளியே தெரிந்தது. அந்த போர்ட்டில் எந்த ரெசல்யூஷனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஹெர்ட்ஸ் என்றதும் இன்னொன்று: 144 ஹெர்ட்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு, விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்!

கடைக்கே போய் வாங்குகிறேன் என்கிறீர்களா? சென்னை ரிட்சி தெருவோ உங்கள் ஊர்க் கடைவீதியோ, நேரில் பார்த்து வாங்குவது நல்லதுதான். ஆனால் அங்கே ஒரு கேள்வி வரும். “பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?” ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று மனம் குதிக்கும். குதிக்க விடாதீர்கள். கம்பெனி தருகிற மூன்று வருஷ வாரண்டிக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். பில் வேண்டாம் என்றால் எந்தச் சரக்கும் வரலாம். அலுவலகங்கள் சில வருஷம் ஓட்டிக் கழித்த மானிட்டர்கள் துடைத்துப் புது அட்டைப்பெட்டியில் வந்து உட்காரும். ‘ரீஃபர்பிஷ்டு’ என்று சொல்லி விற்றால் தப்பில்லை, விலையும் தெரிந்தே வாங்குகிறோம். சொல்லாமல் விற்பதுதான் வில்லங்கம். மானிட்டர் முதுகில் இருக்கும் சீரியல் எண்ணும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா, தயாரித்த மாதமும் வருஷமும் என்ன, பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே, மேஜை மேல் வைத்தே பாருங்கள். போனிலேயே டார்ச் அடியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பெட்டி பிரிப்பதை ஆரம்பம் முதல் வெட்டாமல் வீடியோ எடுப்பது. அடுத்து, திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுவது. ஒன்றிரண்டு செத்த புள்ளிக்கெல்லாம் மாற்றித்தர மாட்டோம் என்று வாரண்டித் தாளிலேயே எழுதிவைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கண்டுபிடித்தால்தான் பிழைத்தீர்கள். வெளிச்சத்தைக் குறைத்து போன் கேமராவால் பாருங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். சிலருக்கு அது தலைவலியைக் கொண்டுவரும்.

மருமகன் விஷயத்தில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆளை ஏமாற்றும் விளம்பரத்தையும் விட்டுவைக்கவில்லை என்று தெம்பாகத்தான் இருந்தோம். புகார் பதிவானது. விற்றவரும் இறங்கிவந்தார்: “ஒரிஜினல் பேக்கிங்கோட அனுப்புங்க சார், பணம் தந்துடறோம்.”

பெட்டி இருந்தது. உள்ளே இருந்த தெர்மாகோல் இல்லை. தங்கை அதை வெட்டி, பச்சை வர்ணம் அடித்து, கொலுவில் பழனி மலையாக நிறுத்தியிருந்தாள். உச்சியில் முருகன்.

மானிட்டர் இப்போது அவர்கள் வீட்டு வாசல் கேமராவுக்கு ஓடுகிறது. பால்காரர் வருவது தெரிகிறது. முகம்தான் கொஞ்சம் பிசிறடிக்கிறது.