புதிய சாரதியும் பழைய பாதையும்

பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924 ஆம் ஆண்டிலே. தெமோதரை நிலையத்தைக் கடக்கும் வண்டி, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிற் குடைந்த சுரங்கத்தின் வழியே செல்லும் விந்தையை நம் இளைஞர் நன்கறிவர். அத்தகைய பாதையிலே வண்டி புதியதா என்பதைவிடச் சாரதி வழியறிந்தவரா என்பதே பெரிது.

கணினிக்குள்ளும் இத்தகைய சாரதிகள் உள. ஆங்கிலத்தார் அவற்றை 'டிரைவர்' என்றே அழைக்கின்றனர். 'இம்மரத்தை வரை, இந்நிழலை இடு' என்று விளையாட்டு கட்டளையிடுகிறது. அதனைக் கிராபிக்ஸ் கார்டுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது இம்மென்பொருளே. துபாஷி எனினும் பொருந்தும். துபாஷி பிழைபட்டால் திரை கறுக்கும், படம் கிழியும், ஆட்டம் நடுவழியில் நின்றுவிடும். கார்டோ பழுதற்றது!

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரின் கணினிக்கு நேர்ந்தது இதுவே. பாடத்திற்கென்று வாங்கிய பழைய கணினி அது. (விளையாட்டும் இடையிற் புகுந்துகொண்டது, பிள்ளைகள் அல்லவா!) தானாக வந்த புதுப்பித்தலின் மறுநாள், விளையாட்டைத் திறந்ததும் திரை இருண்டது. 'கார்டு போய்விட்டது, புதிது போட வேண்டும்' என்றனர் கடையொன்றில். கொழுந்து பறித்துக் குடும்பத்தை நடத்தும் தாயார் காதுத் தோட்டை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். செய்தியறிந்த நம் மாணாக்கர் இருவர் சென்று முன்னைய டிரைவரை மீண்டும் நிறுவினர். கணினி பழையபடி இயங்கிற்று, தோடும் தப்பியது.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறுவதுண்டு. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 ஆம் இலக்க டிரைவர், சில கார்டுகளின் விசிறியைச் சரிவர இயக்கவில்லை. கார்டுகள் சூடேறிப் பழுதுற்றன என முறைப்பாடுகள் எழுந்தன. பிளிசார்ட் என்னும் விளையாட்டு நிறுவனம் தன் ஆட்டக்காரரை எச்சரித்தது. என்விடியா அதனை மீளப் பெற்று, முந்திய 196.21க்குத் திரும்புமாறு கூறிற்று.

செய்முறை கடினமன்று. விண்டோஸிலே 'டிவைஸ் மனேஜர்' பகுதியைத் திறந்து, 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழுள்ள கார்டின் பெயரை இருமுறை அழுத்துக. 'டிரைவர்' என்னும் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்றொரு பொத்தான் காணப்படும். 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலந்தொட்டு இருந்துவருவது அது. எனினும் அறிந்தோர் சிலரே என்பது நம் அனுபவம். பொத்தான் மங்கிக் கிடந்தால், முன்னைய பிரதி கணினியில் இல்லையென்பது பொருள். அப்போது கார்டை ஆக்கிய நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்தே பழைய பதிப்பை எடுத்தல் வேண்டும். வேற்றிடத்து இலவசங்களை நாடினால் வைரசும் உடன் வரக்கூடும். இருப்பதை நீக்கிய பின்னரே பழையதை நிறுவுக. விண்டோஸ் மீண்டும் புதியதைக் கொணர்ந்து புகுத்தாதவாறு புதுப்பித்தலைச் சில நாள் நிறுத்திவைத்தலும் நன்று.

பழையதே என்றென்றும் போதுமென்பது நம் கருத்தன்று. பாதுகாப்புக் குறைகளைத் தீர்ப்பன புதிய பதிப்புகளே. ஆதலால் திருத்திய பதிப்பு வந்ததும் அதற்கு மாறிவிடுக.

இப்பதிப்புகள் பல நூறு மெகாபைட் அளவின. சிக்னல் எட்டாத லயத்திலிருந்து கைப்பேசி டேட்டாவில் இறக்க முயல்வதிலும், பதுளைக்கு வரும் நாளில் பென் டிரைவில் எடுத்துச் செல்வது சிக்கனம். ஒழுங்காக வேலை செய்த பதிப்பின் இலக்கத்தைக் கொப்பியிற் குறித்து வைத்தால், அடுத்த முறை தேடியலைய வேண்டியதில்லை.