மரம் இறக்கித் தரும் மழை

மாரி காலத்தில் எங்கள் மூத்தம்மா வளவுத் தென்னையில் நெஞ்சளவு உயரத்தில் ஓர் ஓலைத்துண்டைப் பீலிபோலச் சுற்றிக் கட்டிவிடுவா. அதன் நுனிக்குக் கீழே ஒரு பானை. மழை விட்ட பிறகும் ஓலை நுனியால் தண்ணீர் ஒழுகும். "வானத்துத் தண்ணிய மரம் இறக்கித் தருது மனே" என்பா. அதற்குள் ஒரு விஞ்ஞானம் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

காட்டின் மேல் விழும் மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடும். பெரும் பங்கு இலை இடுக்குகளால் சொட்டி நிலத்தை அடையும். சிறு பங்கு மட்டும் கிளை வழியே தண்டுக்கு வந்து, பட்டையைத் தழுவி அடிக்கு இறங்கும். மேல்நோக்கி நிமிர்ந்த கிளைகள் நீரைத் தண்டுக்கு அனுப்பும். தொங்கும் கிளைகள் வெளியே சிந்திவிடும். கமுகு, ஐரோப்பாவின் பீச் போன்ற வழுவழுப்பான பட்டையில் நீர் வேகமாக ஓடும். சொரசொரப்பான பட்டை முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதனால்தான் சிறு தூறலுக்குத் தண்டில் ஓட்டமே இராது.

பங்கு சிறிதென்றாலும் அது சேரும் இடம் சிறிது. ஒரு கணக்குப் பார்ப்போம். 50 சதுர மீற்றர் பரந்த மரத்தலையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1000 லீற்றர். அதில் 2 சதவீதம் தண்டால் இறங்கினால் 20 லீற்றர். அது அடிமரத்தைச் சுற்றிய 0.1 சதுர மீற்றர் மண்ணில் ஊறினால், அவ்விடத்துக்கு 200 மில்லிமீற்றர் மழை பெய்த மாதிரி. பத்து மடங்கு! அதோடு நிற்காமல், வேரோரத்து இடுக்குகளால் அந்நீர் ஆழத்துக்கும் போகிறது.

வெறும் தண்ணீரும் அல்ல அது. இலையில் படிந்த தூசு, பறவை எச்சம், இலையிலிருந்து கசியும் பொட்டாசியம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு சாயத் தேநீர் நிறத்தில் வரும். மரம் தனக்குத் தானே பசளை போடுகிறது எனலாம். காற்று கெட்டால் நஞ்சும் அதே வழியால்தான் வரும்: ஐரோப்பாவில் அமில மழை பெய்த காலத்தில் பீச் மரங்களின் அடிமண்தான் கூடுதலாகப் புளித்துப்போனது.

ஆய்வாளர்கள் இதை அளக்கும் முறை என்ன தெரியுமா? நீளவாக்கில் பிளந்த இறப்பர்க் குழாயைத் தண்டில் சுற்றி ஒட்டி, முனையைக் கலனுக்குள் விடுகிறார்கள். மூத்தம்மாவின் ஓலைதான், வேறென்ன!

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? அண்மையில் ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் பழைய வேம்பொன்றைக் கண்டேன். முற்றம் முழுக்க இன்டர்லொக் கல். வேம்பின் அடியில் தண்டோடு ஒட்டிச் சீமெந்து. மழை பெய்தது. தண்டால் இறங்கிய தண்ணீர் சீமெந்தில் வழுக்கி, நேரே வடிகானுக்குப் போனது. மரம் தனக்கென்று சேர்த்த தண்ணீர், அதன் வேருக்குக் கிடைக்கவில்லை. நிழலுக்காகத்தான் அந்த மரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அவர்களின் நல்ல எண்ணத்தில் குறையில்லை.

மரம் நடுவது ஸதகா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நட்ட மரத்தின் அடியில் இரண்டு முழ மண்ணைத் திறந்து விடுவதும் அதில் சேரும்தானே? கல் பதிக்க முன் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்சத்தை மழையும் மரமும் பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.