தேங்காய் மட்டையோடு ஒரு நடை

ஆடி மாதத்துச் சாயங்காலம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து, அலை உடையும் இடத்தில் வீசினேன். வந்த அலை அதைத் தூக்கிக் கரைமேல் போட்டது. நேராக அல்ல, வலது கைப்பக்கத்திலிருந்து இடது கைப்பக்கமாகச் சாய்வாக. நீர் வடிந்தபோது மட்டை பள்ளம் பார்த்து நேராக இறங்கியது. அடுத்த அலை மறுபடியும் சாய்வாக ஏற்றியது. ரம்பத்தின் பல்லைப் போல ஏறியும் இறங்கியும் அது வடக்கே போய்க்கொண்டிருந்தது. நானும் கூடவே நடந்தேன். ஒரு ராட்டினத்தையும் இரண்டு சுண்டல்காரர்களையும் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். செருப்பை விட்டிருந்த இடம் வெகுதூரத்தில் இருந்தது.

மட்டை இருந்த இடத்தில் ஒரு மணல் குருணையை வைத்துப் பாருங்கள். சென்னைக் கடற்கரையின் முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் இந்தக் கரையைத் தென்கிழக்கிலிருந்து அணுகுகின்றன. கரைக்கு இணையாக வராமல் கொஞ்சம் கோணலாக வருவதால், ஒவ்வொரு அலையும் மணலை வடக்கே ஒரு சிறு தள்ளு தள்ளுகிறது. அதோடு, அலை உடையும் பட்டையில் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டமும் ஓடுகிறது. கலங்கி மிதக்கும் மணலை அதுதான் அதிகமாகச் சுமந்து செல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் ஓட்டமும் தெற்கே திரும்பும். கடலோடிகள் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் ‘தெண்டி’ என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை ‘வன்னி’ என்பார்கள். தெண்டிக்கு மாதங்கள் அதிகம். எனவே ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் மிச்சம் வடக்குக்குத்தான். அந்த மிச்சமே லட்சக்கணக்கான கன மீட்டர். ஒரு கன மீட்டர் மணல் ஒன்றரை டன்னுக்குக் குறையாமல் கனக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மணல் கடலில் விளைந்ததல்ல. பெரும்பகுதி மலைப் பாறை. வெயிலிலும் மழையிலும் பாறை இற்றுப்போகும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகக் கரைந்துவிடும். குவார்ட்ஸ் மட்டும் விடாப்பிடியாக நிற்கும். காவிரி, தென்பெண்ணை, பாலாறு போன்ற ஆறுகள் உருட்டி வந்து கடலில் போட்ட பிறகு அலை அதை எடுத்துக்கொள்கிறது. கரையில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் தெரியுமே, அது பலர் நினைப்பதுபோல் அழுக்கு அல்ல. இல்மனைட், மேக்னடைட் என்ற கனமான தாதுக்கள். லேசான மணலை அலை அரித்துக்கொண்டு போக, இவை தங்கிவிடுகின்றன. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டின்மேல் இழுத்தால் மேக்னடைட் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து காட்டுங்கள்.

வடக்கே போகும் இந்த மணலுக்குக் குறுக்கே 1875-ல் ஒரு வேலை தொடங்கியது. அதுவரை மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலையின் அடிக்கு நெளிந்துகொடுக்கும், உடையாது. அப்படியும் கரையேறுவதற்குள் பயணிகளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஆகவே கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோல் கற்சுவர் எழுப்பினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள்.

புயல் ஒரு ராத்திரியில் செய்ததைப் பழுது பார்த்துவிடலாம். மணல் அப்படியல்ல, அது தினமும் வந்தது. தெற்குச் சுவரில் முட்டி நின்றது, பின்னால் வந்தது அதன்மேல் சேர்ந்தது. கரை கடலுக்குள் வளர்ந்தபடியே துறைமுக வாயை நோக்கி நகர்ந்தது. 1904-ல் பொறுப்புக்கு வந்த பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே திறந்திருந்த வாயை மூடி வடகிழக்கே திறக்க வைத்தார். (பின்னால் இதே துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்குக் கைகொடுத்தவரும் இவர்தான்.)

தெற்கே முட்டி நின்ற அந்த மணல்தான் நாம் காற்று வாங்கப் போகும் மெரினா. மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870-ல் முடிந்தபோது கடல் இன்றைக்கு இருப்பதைவிட வெகு பக்கத்தில் இருந்தது. இன்று சாலையிலிருந்து கால் நனைக்க 300 மீட்டர் அளவுக்கு மணலில் கால் புதைய நடக்க வேண்டியிருக்கிறது. மெரினாவை இயற்கை தந்த கொடை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது போகிற வழியில் மறிக்கப்பட்ட சரக்கு.

சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர். துறைமுகத்தைத் தாண்டியும் அலைக்கு வேகம் குறைவதில்லை, ஆனால் அதன் கையில் மணல் இல்லை. அதனால் இருக்கிற கரையை அள்ளிக்கொள்கிறது. அங்கே மணல் போனது, வலை உலர்த்தும் இடம் போனது, தெருக்கள் போயின. பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்தார்கள். கல் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. அங்கேயும் கல். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகச் சுவர் எழுந்தபோதும் இதேதான் நடந்தது. நகரத்தின் முகப்பிலிருந்த மணற்பரப்பு போய்க் கருங்கல் வரிசை மட்டும் மிஞ்சியது. அண்மை ஆண்டுகளில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

மட்டையை மறந்துவிட்டேனே. அது உடைந்த பாலத்தருகே, அடையாற்றின் முகத்துவாரத்து மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் அலை கொண்டுவரும் மணல் ஆற்றின் வாயை அடைத்துவிடும். மழைக்கு முன் வெட்டித் திறந்துவிடுவது வழக்கம். போன புரட்டாசியில் போயிருந்தபோது அங்கே ஒரு பொக்லைன் மும்முரமாக மணலை அள்ளிக்கொண்டிருந்தது. அள்ளியதை வாய்க்காலுக்குத் தென்புறம், தண்ணீருக்குப் பத்தடி தள்ளிக் குவித்திருந்தார்கள். குவியலின் ஓரம் அப்போதே ஈரமாகியிருந்தது.