காணிக்கை ஊழியத்திற்கா, கட்டடத்திற்கா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைச் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒட்டகம். ஆம், ஒட்டகம்தான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கார்டன் குரோவ் என்னும் ஊரில் 'கிறிஸ்டல் கதீட்ரல்' என்ற கண்ணாடித் தேவாலயம் இருந்தது. ஆண்டுதோறும் அங்கே கிறிஸ்து பிறப்பு நாடகம் நடக்கும். உயிருள்ள ஒட்டகங்களும் ஆடுகளும் குதிரைகளும் உள்ளே வரும். தேவதூதர் வேடம் போட்டவர்கள் கம்பியில் தொங்கியபடி மக்களின் தலைக்கு மேலே பறப்பார்கள். 2010 அக்டோபரில் அந்தச் சபை கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது. பணம் வரவேண்டியவர்களின் வரிசையில் வங்கி இருந்தது. அந்த நாடகத்துக்குப் பிராணிகளைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் கதையை நடித்துக் காட்ட ஆடுமாடு கொடுத்தவர்களுக்கே கூலி பாக்கி!

நான் போதகன் அல்லன். முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், ஓரிரு கிறிஸ்துவச் சபைகள் ஆகியவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்திருக்கிறேன். ஆகவே வேத விளக்கத்தைவிட வரவு செலவுதான் எனக்குக் கைவந்தது. அந்தப் பார்வையிலிருந்தே பேசுகிறேன்.

காரில் அமர்ந்து கேட்ட பிரசங்கம்

அந்தக் கண்ணாடித் தேவாலயம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1955ல் ராபர்ட் ஷூலர் என்ற இளம் போதகர் அங்கே வந்தார். கையில் இருந்தது ஐந்நூறு டாலர். வாடகைக்கு மண்டபம் கிடைக்கவில்லை. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாடகைக்கு எடுத்தார். (சிங்கப்பூர் ஜூரோங்கிலும் 1971 முதல் 1985 வரை அப்படி ஒரு திரையரங்கு இருந்தது. நம்மில் பலர் அங்கே படம் பார்த்திருப்போம்.) தின்பண்டக் கடையின் கூரை மேல் ஏறி நின்று ஷூலர் பிரசங்கம் செய்தார். அவர் மனைவி ஆர்கன் வாசித்தார். நடக்க முடியாத முதியவர்களும், நல்ல உடுப்பு இல்லாதவர்களும், கோயில் பக்கமே போகாதவர்களும் காரை விட்டு இறங்காமல் கேட்டார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆளைத் தேடி ஆள் போவதுதானே ஊழியம்? 1968ல் அவர்கள் எழுப்பிய கோபுரத்திலும் இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசி ஆலோசனைச் சேவை இயங்கியது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவர்கள் நள்ளிரவில் அழைத்தால் எடுத்துப் பேச ஆள் இருந்தது. கட்டடம் என்றாலே வீண் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

1970ல் தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. பல நாடுகளில் பார்த்தார்கள், பணமும் வந்தது. 1980ல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் வடிவமைத்த கண்ணாடித் தேவாலயம் திறக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். செலவு சுமார் 18 மில்லியன் டாலர். பின்னர் 2003ல் இன்னொரு பெரிய கலைஞரான ரிச்சர்ட் மையரைக் கொண்டு வருகையாளர் மண்டபம் ஒன்றும் எழுந்தது.

கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு இங்கேதான் சிக்கல் தெரிகிறது. கட்டடம் என்பது ஒருமுறைச் செலவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அல்ல. அது மாதாமாதம் பசிக்கும். மின்சாரம், குளிர்சாதனம், துப்புரவு, காப்புறுதி, பழுதுபார்ப்பு, அதற்குமேல் வங்கித் தவணை. இவற்றில் எதையும் இந்த மாதம் காணிக்கை குறைவு என்று சொல்லித் தள்ளிப் போட முடியாது. தள்ளிப் போடக்கூடியவை எவை? ஏழைப் பிள்ளைகளின் கல்வி உதவி, நோயாளிகளைப் பார்க்கப் போகும் செலவு, ஊழியரின் சம்பளம். பணம் சுருங்கும்போது முதலில் வெட்டு விழுவது இவற்றில்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்வதில்லை. வங்கி காத்திருக்காது, ஏழை காத்திருப்பான். அவ்வளவுதான் காரணம்.

கார்டன் குரோவிலும் அதுவே நடந்தது. ஷூலருக்கு வயதாகி, யார் பொறுப்பேற்பது என்று குடும்பத்துக்குள் பிணக்கு ஏற்பட்டது. 2008ன் பொருளாதார வீழ்ச்சியில் காணிக்கை சரிந்தது. கடன் 43 மில்லியன் டாலரைத் தாண்டியது. அதில் 36 மில்லியன் அடமானக் கடன். கடைசியில் 2012ல் ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டம் 57.5 மில்லியன் டாலருக்கு அந்த வளாகத்தை வாங்கியது. ஷூலரின் சபையார் அடுத்த ஆண்டு வெளியேறி வேறு இடத்தில் கூடினார்கள். 2015ல் ஷூலர் காலமானார். புதுப்பிக்கப்பட்ட கட்டடம் கிறிஸ்து பேராலயம் என்ற பெயரில் 2019 ஜூலையில் அர்ச்சிக்கப்பட்டது. இப்போது அங்கே ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் திருப்பலி நடக்கிறது. பிழைப்புத் தேடி வந்த குடியேறிகள் நிறைய வருகிறார்கள். கண்ணாடி என்ன பாவம் செய்தது?

நம் பக்கத்தில்

தூரத்து ஊர்க் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2001ல் ஜூரோங் வெஸ்ட்டில் டைட்டானியம் உலோகத் தகடு வேய்ந்த தேவாலயத்தை அந்தச் சபை கட்டியது. மக்கள் பெருகினார்கள். 2010ல் சன்டெக் மாநாட்டு மையத்தில் பங்கு வாங்க 310 மில்லியன் வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நீதிமன்றத்துக்குப் போனது அந்தத் திட்டம் அல்ல. விசுவாசிகள் கட்டட நிதிக்கென்று கொடுத்த பணத்தில் 24 மில்லியன் வெள்ளி, போலிக் கடன் பத்திரங்களின் வழியாக, போதகரின் மனைவியுடைய பாப் இசைப் பயணத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. அதை மறைக்க மேலும் 26 மில்லியன் சுற்றிவிடப்பட்டது. 2015 அக்டோபர் 21ல் சபையின் நிறுவனர் கோங் ஹீ உட்பட ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் 2017 ஏப்ரலில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. கோங் ஹீக்கு எட்டு ஆண்டு மூன்றரை ஆண்டானது. அவர் 2019ல் வெளியே வந்துவிட்டார்.

இந்த வழக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இவர்கள் பணத்தைச் சொந்தப் பைக்குள் போட்டுக்கொண்டதாக நீதிமன்றம் சொல்லவில்லை. பாட்டின் மூலம் இளைஞர்களுக்கு நற்செய்தி சொல்வதும் ஊழியம்தான் என்பதே அவர்கள் வாதம். அதாவது, கட்டடத்துக்கு என்று வாங்கியதை 'ஊழியத்துக்கு' எடுத்தோம் என்றார்கள்! ஆக, கட்டடம் கெட்டது, ஊழியம் நல்லது என்று எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது. எதற்காக என்று சொல்லி வாங்கினோமோ அதற்கே செலவழிப்பதுதான் முதல் நேர்மை. என் தொழிலில் இதைக் குறித்த நோக்கத்திற்கான நிதி என்போம். அதில் ஒரு காசை நகர்த்துவதென்றாலும் கொடுத்தவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இது புதிய தகராறும் அல்ல. ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயம் 1506ல் தொடங்கி 1626ல்தான் அர்ச்சிக்கப்பட்டது. நூற்றிருபது ஆண்டு! அதற்குப் பணம் திரட்ட, பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகளை விற்றார்கள். அந்த விற்பனையை எதிர்த்துத்தான் 1517ல் மார்ட்டின் லூதர் எழுதினார். கிறிஸ்துவ உலகம் இரண்டாகப் பிளந்ததற்கு ஒரு கட்டட நிதியும் காரணம். அந்த எதிர்ப்பிலிருந்து பிறந்த சபைகளிலும் பிற்காலத்தில் கட்டட நிதி உண்டியல் வந்து நின்றது என்பது தனிக்கதை.

இரண்டு காசும் பெரிய கற்களும்

வேதத்தில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் இடம் மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் முடிந்து 13ஆம் அதிகாரம் தொடங்கும் பகுதி. அங்கே சம்பவங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கடிந்துகொள்கிறார். உடனே ஓர் ஏழை விதவை வந்து கையில் இருந்த இரண்டே காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறாள். பணக்காரர் எல்லாரையும்விட இவள் அதிகம் போட்டாள் என்று அவர் சீடரிடம் சொல்கிறார். வெளியே வந்ததும் சீடர்களில் ஒருவர் செய்வது என்ன? எவ்வளவு பெரிய கற்கள், எவ்வளவு அழகான கட்டடம் என்று வாய்பிளக்கிறார். விதவையைக் காட்டிக் கொடுத்த பாடம் அவர் காதில் ஏறவில்லை. இவை ஒன்றின்மேல் ஒன்று நிற்காமல் இடியும் என்று இயேசு பதில் சொல்கிறார். கி.பி. 70ல் ரோமப் படை அந்த ஆலயத்தை இடித்தது.

பிரசங்கங்களில் விதவையின் கதையைத் தனியாகப் பிரித்தெடுத்து, பாருங்கள், அவள் எல்லாவற்றையும் கொடுத்தாள், நீங்களும் கொடுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்துப் படித்தால் அது காணிக்கை கேட்கும் கதையாகவா தெரிகிறது? அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு அவளிடமே வாங்கிய நிர்வாகத்தின் மேலும் கண் போகிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது. வேதம் கற்றவர்கள் மறுக்கலாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் வேத ஆதாரம் உண்டு. விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஒரு பெண் இயேசுவின் மேல் ஊற்றினாள். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று குறை சொன்னவன் யூதாஸ் என்கிறது யோவான் நற்செய்தி. அழகாகச் செய்வதும் பக்திதான். சிங்கப்பூர் ஓபிர் சாலையில் 1888ல் எழுந்த லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டது. உழைக்க வந்த இடத்தில் நம் மொழியில் ஜெபிக்க ஒரு கூரை! 2005ல் அது தேசிய நினைவுச் சின்னமானது. அதை வீண் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு நா எழாது. கடைவரிசையின் மாடியை வாடகைக்கு எடுத்து, கீழே உணவகத்தின் தாளிப்பு வாசனைக்கு நடுவே ஜெபிக்கும் மலேசியத் தமிழ்ச் சபைகள் எத்தனையோ. அவர்கள் சொந்த இடம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தவறு?

அழகு பெரிதா, மனிதன் பெரிதா என்ற நெருக்கடி நேரும்போது என்ன செய்வது? 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் போரில் பிடிபட்ட கைதிகளை மீட்க ஆலயத்தின் பொன் பாத்திரங்களை உருக்கினார். எதிரிகள் தூற்றினார்கள். திருச்சபைக்குப் பொன் இருப்பது சேர்த்து வைக்க அல்ல, இல்லாதவர்களுக்குச் செலவழிக்க என்பதாக அவர் விடை சொன்னார். பொன் பாத்திரத்தை உருக்க முடியும். அடமானத்தில் இருக்கும் கட்டடத்தை உருக்க முடியாதே! அந்தக் காலத்து ஆயருக்கு இருந்த வசதி இன்றைய போதகருக்கு இல்லை.

இனி என் வீட்டுக் கதை. எனக்கு ஒரு பெரியம்மா. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அவர் போகும் சபையில் புதிய மண்டபம் கட்ட அட்டை கொடுத்தார்கள். மாதம் நூறு ரிங்கிட், முப்பத்தாறு மாதம். எல்லாரும் கையெழுத்துப் போட்டதால் அவரும் போட்டார். பதினான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு இனிப்புநீர் முற்றிக் காலில் புண். மருந்து, வாடகைக் கார் என்று கைப்பணம் கரைந்தது. பாக்கி நின்றதும் யாரோ தொலைபேசியில் நினைவூட்டினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாற்பது ஆண்டாகப் போன மனுஷி. ஏன் என்று கேட்டேன்.

"மொகத்தக் காட்ட வெக்கமா இருக்கு தம்பி. நீ கணக்குப் படிச்சவன்தானே. நான் செத்துட்டா இந்த ரெண்டாயிரத்து எரநூறு யாரு மேல விழும்?"

அன்று மாலையே அவரை அழைத்துக்கொண்டு போதகரைப் பார்க்கப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அந்தப் போதகர் நல்ல மனிதர். பெரியம்மா சொன்னதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது கடனே இல்லை அம்மா என்று சொல்லி, அட்டையை எடுத்துவரச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். கால் புண்ணைப் பற்றி யாரும் தம்மிடம் சொல்லவில்லையே என்று வருந்தினார். பணம் நின்றதைக் குறித்து வைக்க ஆள் இருந்தது. ஆள் நின்றதைக் குறித்து வைக்க யாரும் இல்லை. அடுத்த ஞாயிறு பெரியம்மா போனார்.

நாங்கள் புறப்படும்போது சபையின் பொருளாளர் கார் வரைக்கும் கூட வந்தார். இளைஞர், ஏதோ தொழிற்சாலையில் வேலை. சம்பளம் இல்லாமல் இந்தக் கணக்கைப் பார்க்கிறார். பெரியம்மா உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் காதில் விழாதபடி என்னிடம் சொன்னார்:

"அண்ணே, பெரியம்மாவோடத விட்ரலாம், அது பெருசில்ல. இதே மாதிரி நின்னுபோன அட்டை இன்னும் முப்பது இருக்கு. பேங்க்ல மாசம் பதினெட்டாயிரம் கட்டணும். அத யாருண்ணே விடுவா?"