திருவிழாச் செலவுக்கும் ஒரு கணக்கு

இடம்பெயர்ந்து காணியும் கிணறும் கைவிட்டுப்போன குடும்பத்துக்குப் பயணமும் பொழுதுபோக்கும் ஒரு கேடா என்று சிலர் கேட்கின்றனர். கேட்பவர்களும் திருவிழாவுக்குப் போகாமல் விடுவதில்லை. வருடம் முழுவதும் கூலிக்குக் குனிந்த முதுகுக்கும், ஒரே வளவுக்குள் அடைபட்டிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருநாள் வெளிக்காற்று வேண்டும். இது ஆடம்பரமன்று.

சிக்கல் எங்கே வருகிறது? வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில், மடுத் திருவிழா ஆகஸ்ட் 15இல், நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். இருந்தும் புறப்படும் அன்றுதான் கைமாற்றுக்கு ஓடுகிறோம். காலபோக நெல் விற்ற காசு மாசி, பங்குனியோடு கரைந்துவிடும். சிறுபோகமோ குளத்துத் தண்ணீர் பாயும் இடத்தில் மட்டுமே. ஆகவே திருவிழாக் காலம் பலருக்குக் கை வறண்ட காலம். அப்போது வாங்கும் கடன் அடுத்த விதைப்புக் காசைத் தின்னும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசு தள்ளுபடி செய்யவேண்டி வந்ததை மறக்கலாமா?

மடுவுக்குப் போக 6,000 ரூபா தேவை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் முதல் வாரம் தொடங்கினால் 24 வாரங்கள் உண்டு. வாரம் 250 ரூபா முட்டியில் போட்டால் போதும். கூலி கிடைத்த அன்றே போடவேண்டும். மிஞ்சினால் போடுவோம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. அயலில் நம்பிக்கையான நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்தாலும் நல்லது.

பஸ் காசைப் போக, வர என்று முதலில் ஒதுக்குங்கள். அரிசியும் சட்டியும் கொண்டுபோய் மரநிழலில் சமைத்தால் கடைச் சாப்பாட்டுச் செலவு இல்லை. கச்சானுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தொகையைக் கொடுத்துவிடுங்கள். தன் காசு என்றால் பிள்ளை இரண்டு கடை பார்த்துத்தான் வாங்கும்.

ஆண்களுக்கு ஒரு சொல். கள்ளுக்கும் சாராயத்துக்கும் போகும் காசும் பொழுதுபோக்குச் செலவே. அதையும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், குடும்பம் முழுவதும் போய்வரும் பயணத்தை ஒருவரே குடித்து முடித்திருப்பது சில வீடுகளில் தெரியவரும். வீட்டுத்தலைவியின் பெயரில் அந்தக் கொப்பியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். திருவிழாவிலும் அடுப்பு ஊதுபவர் அவராகவே இருந்தால் அவருக்கு ஓய்வு எது? அன்று ஒருவேளைச் சமையலையாவது ஆண்கள் பார்க்கட்டும். அதற்குக் காசு வேண்டாம்.