அறிவிக்கப்படாத மாறி

கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர் பேரேட்டில் வாடிக்கையாளரொருவரின் பெயரை ஓரெழுத்துப் பிழையாக எழுதிவிட்டார் எனக் கொள்க. உடனே பேரேடு தானாகவே புதிய பக்கமொன்றைத் திறந்து, பிழையான பெயரிலேயே பணத்தை வரவு வைத்துவிடுமாயின் என்னாகும்? செலுத்தியவரின் கடன் குறையாது, பிழையும் வெளிப்படாது. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ற் என்னும் மொழியிற் காணப்படும் குறையொன்று இத்தகையதே.

கணினிக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கப்படும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். நிரலில் ஒரு பெறுமானத்தைத் தாங்கி நிற்கும் பெயர் மாறி எனப்படும். மாறியை முதலில் அறிவித்து, அதன் பின்னரே எடுத்தாளுதல் முறை. ஆனால், 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாட்களில் முதலுரு அமைத்த இம்மொழி, அறிவிக்கப்படாத பெயருக்குப் பெறுமானம் கொடுப்பினும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். 'மொத்தம்' என்பதிற் சேரவேண்டிய தொகையை 'மெத்தம்' என்பதில் இட்டுவிடின், புதிய மாறியொன்று தோன்றும். மொத்தமோ பழைய நிலையிலேயே நிற்கும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. அவ்வாறு தோன்றிய மாறி நிரல் முழுவதற்கும் பொதுவாகிவிடும். பூச்சியத்திலிருந்து 10 வரை எண்ணும் ஒரு பகுதி, ஒவ்வொரு முறையும், 3 வரை எண்ணும் வேறொரு பகுதியை அழைப்பதாகக் கொள்க. இரண்டும் அறிவிக்கப்படாத ஒரே பெயரைக் கொண்டு எண்ணின், உள்ளே சென்ற எண் 3 ஆகித் திரும்பும். வெளியே 4 ஆகும். மீண்டும் உள்ளே சென்று 3 ஆகும். பத்து ஒருபோதும் வாராது. பக்கம் அசைவற்று நின்றுவிடும்.

'வார்' என்ற சொல்லால் அறிவிப்பின், மாறி தான் தோன்றிய செயற்கூற்றின் எல்லைக்குள் அடங்கும். 2009இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு 'கண்டிப்பு முறை' என்பதனைத் தந்தது. நிரலின் தலைப்பில் அதனைக் குறித்துவிட்டால், அறிவிக்கப்படாத பெயருக்குப் பெறுமானம் கொடுக்கும் இடத்திலேயே நிரல் பிழை கூறி நிற்கும். 2015இல் 'லெற்', 'கொன்ஸ்ற்' என்னும் இரு சொற்கள் வந்தன. இவற்றால் அறிவிக்கப்படும் மாறி, நெளிவான அடைப்புக்குறிகளுக்கு இடையே பிறந்து அங்கேயே ஒடுங்கும். 'கொன்ஸ்ற்' கொண்டு அறிவித்த பெயர் வேறொரு பெறுமானத்தை ஏற்காது. ஆயினும், அது ஒரு பட்டியலைச் சுட்டுமாயின், பட்டியலின் உள்ளுறுப்புகள் மாறுதல் கூடும்.

ஆதலால், மாறாதவற்றைக் 'கொன்ஸ்ற்' என்பதாலும், மாறுபவற்றை 'லெற்' என்பதாலும் அறிவித்து, கண்டிப்பு முறையையுங் கைக்கொள்ளல் நன்று. பிழை கூறி நிற்கும் நிரலைத் திருத்தலாம். பிழையை மறைத்து ஓடும் நிரலே அஞ்சத்தக்கது.