சுற்றி நிற்கிறவர்கள்

"திருப்பி ஒண்ணு போடச் சொல்லு, அப்புறம் இவன் பக்கமே வரமாட்டான்." தன் பிள்ளையை வகுப்பில் ஒருத்தன் தொல்லை பண்ணுகிறான் என்று காரைக்கால் டீக்கடையில் ஒரு அப்பா வாயைத் திறந்தால், கிளாஸ் காலியாவதற்குள் நாலு பேர் இதைத்தான் சொல்வார்கள். நீங்களும் உங்கள் பையனிடம் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, இன்னொரு டீ சொல்கிறேன். அது ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்று பார்ப்போம்.

பிள்ளைகள் அடித்துக்கொள்வது வேறு, ஒரு பிள்ளையை வதைப்பது வேறு. இரண்டையும் முதலில் கறாராகப் பிரித்துக் காட்டியவர் டான் ஓல்வேயஸ். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்த உளவியல் பேராசிரியர். 1982 கடைசியில் வட நார்வேயில் மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் தொல்லைதான் காரணம் என்று பேச்சு கிளம்பியதும் அரசாங்கமே நாடு முழுக்க ஓர் இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரப் பள்ளிகளில் சுமார் 2,500 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். பலம் சமமாக இருந்தால் அது சண்டை. மறுநாள் இண்டர்வெல்லில் அதே இருவரும் ஒரே பாக்கெட்டில் கடலை தின்பார்கள். சமமாக இல்லாத இடத்தில் "திருப்பி அடி" என்றால், எந்த இடத்தில் பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கிறானோ அதே இடத்தில் இன்னொரு முறை போய்த் தோற்றுவிட்டு வா என்றுதான் பொருள். போதாததற்கு, வாத்தியார் கண்ணில் முதல் அடி படாது, இரண்டாவதுதான் படும். "ரெண்டு பேரும் முட்டி போடுங்கடா" என்று கணக்கு முடிந்துவிடும்.

பலம் என்றால் புஜபலம் மட்டுமில்லை. கடற்கரை ஊர்ப் பிள்ளை உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்துவது, கறுத்த பெண்ணுக்கு வைக்கிற பட்டப்பெயர், திக்கிப் பேசுகிறவனை எழுப்பி வாசிக்கச் சொல்லிச் சிரிப்பது, ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு வாட்ஸ்அப் குரூப் தொடங்குவது. இதில் எதிலும் ஒரு அடிகூட விழவில்லை. இதற்கு எங்கே போய்த் திருப்பி அடிப்பது?

பள்ளிக்கூடப் பேச்சு என்றாலே நம் ஊரில் 2022 செப்டம்பர் நினைவுக்கு வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குளிர்பானம் குடித்து இறந்தான். அதில் விஷம் கலந்து கொடுத்ததாகக் கூடப் படிக்கும் பெண்ணின் தாய் கைதானார். படிப்புப் போட்டி என்று ஊரே பேசியது. அதை இதோடு சேர்க்காதீர்கள். அதில் பிள்ளைகள் செய்தது ஒன்றுமில்லை. ராங்க் பற்றிப் பெரியவர்கள் பேசுகிற பேச்சைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், இன்னொரு நாள்.

சரி, அடித்தும் பலனில்லை என்றால் வேறு என்ன? டொரண்டோ பக்கம் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் என்ற ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் சின்ன மைக் மாட்டி, தள்ளி நின்று வீடியோ எடுத்து, விளையாட்டு மைதானத்தில் நடப்பதை அப்படியே பதிவு செய்தார்கள். 2001-இல் வந்த முடிவைப் பாருங்கள். நூற்றுக்கு 88 சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். 19-இல் மட்டும் யாரோ ஒருவர் குறுக்கே போனார். அப்படிக் குறுக்கே போனபோது, பாதிக்கு மேல் பத்தே நொடியில் நின்றுபோயிருக்கிறது.

எனக்கு இந்தப் பத்து நொடிதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். வதைக்கிறவனுக்கு எதிரே நிற்கிற பிள்ளை ஒரு பொருட்டே இல்லை. அவனுக்கு வேண்டியது சுற்றி நிற்கிறவர்களின் சிரிப்பு. ஆள் இல்லாத கொட்டகையில் யார் கூத்துக் கட்டுவார்கள்? 2007-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், இளஞ்சிவப்புச் சட்டை போட்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சிலர் மிரட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் யாரையும் போய் அடிக்கவில்லை. கடைக்குப் போய் அதே நிறத்தில் ஐம்பது பனியன் வாங்கி வந்து பள்ளியில் விநியோகித்தார்கள். கூட்டம் பக்கம் மாறிவிட்டது.

"அது கனடா, நம்ம ஊரு அப்படியா?" என்பீர்கள். நியாயம்தான். நாங்குநேரியை மறக்க முடியுமா? பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர், கூடப் படித்தவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்கே போகாமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு, 2023 ஆகஸ்ட் 9 இரவு, வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவர் மறு வருடம் பொதுத்தேர்வில் 600-க்கு 469 வாங்கினார். எல்லோரும் அந்த மதிப்பெண்ணைக் கொண்டாடினார்கள். நான் யோசிப்பது வாய் திறந்ததற்கும் அரிவாள் வந்ததற்கும் நடுவில் இருந்த நேரத்தைப் பற்றி. புகாரை வாங்கிக்கொள்வது பாதி வேலை. சொன்ன பிள்ளை அன்றைக்கு யாருடன் வீட்டுக்குப் போகிறான், இரவு அங்கே யார் இருப்பார்கள் என்று பார்ப்பது மீதி. சாதி பின்னால் நிற்கிற இடத்தில் சுற்றி நிற்கிற கூட்டம் வகுப்போடு முடிவதில்லை, தெருவரைக்கும் நீள்கிறது. அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தைரியமாக நில் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. அது போலீசும் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வர வேண்டிய இடம்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதி நிறக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, இப்படிப்பட்ட தொல்லைகளைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள். ஆனால் அது தமிழ்நாட்டு அரசுக்குக் கொடுத்த அறிக்கை. வாஞ்சூர் தாண்டினால் நாகூர். அங்கே சட்டம் அவர்களுடையது, இங்கே புதுச்சேரியுடையது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகு 1997-இல் வந்த ராகிங் தடைச் சட்டமும் தமிழ்நாட்டுச் சட்டம்தான்.

நமக்கு வேறொரு வாசல் இருக்கிறது. 2023-இலிருந்து நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறின அல்லவா? பாடம் கஷ்டம் என்று புலம்பிய அளவுக்கு இதை யாரும் கவனிக்கவில்லை. 2015 மார்ச்சில் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிள்ளைகளை வதைப்பதைத் தடுக்கப் பள்ளிக்குள் ஒரு குழு வேண்டும். ஆசிரியர், ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி என்று அதில் ஆட்கள் இருக்க வேண்டும். உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் என்று ஹெச்எம்மிடம் கேளுங்கள். சண்டை போடும் குரலில் வேண்டாம், விவரம் கேட்கிற குரலில் கேளுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், என்ன வார்த்தை, யார் பார்த்தார்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் என்றால் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட். பள்ளி அசையவில்லை என்றால் 1098, பிள்ளைகளுக்கான இலவச எண்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "ரெண்டு பேரும் கை குடுங்கடா" என்று எதிரெதிரே நிறுத்திச் சமாதானம் செய்யப் பார்ப்பார்கள். சண்டைக்கு அது நல்ல மருந்து. வதைக்கு விஷம். கை கொடுத்துவிட்டுச் சாயங்காலம் அதே வேனில் அவன் பக்கத்தில்தான் உங்கள் பையன் உட்கார வேண்டும். தனித்தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள்.

பின்லாந்தில் கிவா என்று ஒரு திட்டம், துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவாலி உருவாக்கியது. அங்கே பாதிக்கப்பட்ட பிள்ளையோடும் செய்தவர்களோடும் தனித்தனியாகப் பேசி முடித்த பிறகு, வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் கூப்பிட்டு, இவனோடு கொஞ்சம் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். எதிர்த்துப் பேச வேண்டும் என்றில்லை. "வாடா, பி.டி. சார் கூப்பிடுறாரு" என்று தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனால் போதும்.

உங்கள் பையன் வகுப்பில் அப்படி யார் இருக்கிறார்கள், தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலையில் வேன் வரும்போது கவனியுங்கள். யார் ஏறினால் மற்ற பிள்ளைகள் தானாக நகர்ந்து இடம் விடுகிறார்களோ, அந்தப் பையன்தான். அடிக்கிறவனுடைய அப்பாவைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் அவனுடைய அப்பாவைப் போய்ப் பாருங்கள்.